பெயரில்லாத அழைப்புமணி

எல்டா குரியேல் ஊர் பார்க்க வந்தவர்களை எண்ணுவாள், சொந்த ஆட்களை எண்ண மாட்டாள்.

காலை பத்து மணிக்குப் பாலத்தின் அடியில், போலெந்தா என்கிற சோளமாவுக் களியைக் கிளறுகிற நீண்ட மரக்கரண்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மற்ற வழிகாட்டிகள் குடை தூக்குவார்கள், கொடி தூக்குவார்கள். குடை மழைக்கு, கொடி சண்டைக்கு, கரண்டிதான் எல்லா நாளைக்கும் என்பது அவள் கட்சி. வந்தவர்களின் நெற்றியை நோக்கிக் கரண்டியை ஆட்டி, பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று என்று சத்தமாகவே எண்ணுவாள். கால்வாய் நகரத்தில் கூட்டத்தை எண்ணாமல் கிளப்பினால் நாலாவது சந்தில் நாலு பேர் குறைவார்கள்.

ஆனால் சனிக்கிழமை காலையில் எங்கள் யூத ஜெபக்கூடத்தில் தொழுகை தொடங்கப் பத்து ஆண்கள் சேர்ந்தார்களா என்று பார்க்கும்போது அந்த வாய் எண்ணாது. பத்துச் சொற்கள் உள்ள ஒரு மறை வரியை, தலைக்கு ஒரு சொல்லாக, பெண்கள் மாடத்திலிருந்து முணுமுணுப்பாள். வரி முடிந்தால் ஆள் சேர்ந்தாயிற்று. எங்கள் ஆட்களை எண் சொல்லி எண்ணக் கூடாது. கடவுள் இல்லை என்று காபிக்கடையில் மேசையைத் தட்டுகிறவர்கள்கூட எங்களில் இதை மீறியதில்லை.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? மூன்றாவது சந்து தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

"வெனிஸ்ல உங்க ஆளுங்க இப்ப எத்தனை பேர் மிச்சம்?"

"சண்டை போட்டுக்கறதுக்குப் போதுமான அளவு இருக்கோம்" என்பாள் எல்டா. எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே பதில்தான், இருபத்திரண்டு வருஷமாக ஒரே சிரிப்புதான். அந்த எண்ணை அவள் வாயிலிருந்து ஒருவரும் வாங்கியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு அறுபத்தொரு வயது. எங்கள் ஆட்களை ஒரு காலத்தில் அடைத்து வைத்த கெட்டோவின் பழைய ரொட்டிக்கடைக்கு மேல்வீட்டில் பிறந்தவள். மேஸ்த்ரேயில் ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தாள். தலைமையாசிரியரை எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை விட்டாள். அந்த வார்த்தை என்ன என்று இன்றுவரை சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. புருஷன் சாந்த்ரோ ஒரு பல் மருத்துவருடன் பாதுவாவுக்குப் போய்விட்டான். மகள் தொரீனோவில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். எல்டாவுக்கு மிஞ்சியவை தொண்டையும் இரண்டு கெட்டுப்போன முழங்கால்களும். இந்த ஊரில் எதற்குப் போனாலும் பாலம் ஏறித்தான் இறங்க வேண்டும், முழங்கால் என்ன செய்யும்?

மற்ற வழிகாட்டிகள் ஜெபக்கூடங்களையும் அருங்காட்சியகத்தையும் காட்டுவார்கள். எல்டா கதவுகளைக் காட்டுவாள். நான்கே நான்கு கதவுகள். எங்கள் வீடுகளின் கதவு நிலையில், வலப்பக்கம் தோளுயரத்தில், ஒரு விரல் நீளத்துக் குழலைச் சாய்வாகப் பதித்திருப்போம். அதற்குள் மறைமொழி எழுதிய தோல்சுருள் இருக்கும். வீட்டை விட்டுப் போனவர்களின் குழல்கள் போய்விட்டன, கல்லில் அவை இருந்த பள்ளம் மட்டும் இருக்கிறது. முதல் கதவு ரொட்டிக்காரருடையது, இரண்டாவது மருத்துவச்சியுடையது, மூன்றாவது தையற்காரர் சுல்லாமுடையது. எல்டா கரண்டியின் காம்பால் பள்ளத்தைக் காட்டுவாள். வந்தவர்கள் வரிசையில் நின்று விரலை வைத்துப் பார்ப்பார்கள்.

தையற்காரரின் கதவில் ஒரு தப்பு இருந்தது. உண்மையில் அவர் குடியிருந்தது அடுத்த வீட்டில். பத்து வருஷத்துக்கு முன்னால் பழைய வரி ஏடுகளைப் புரட்டியபோதே எல்டா கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அடுத்த வீட்டு வாசல் தாழ்வான சுரங்க வழிக்குள் இருக்கிறது, அங்கே இருபது பேர் நிற்க முடியாது, குப்பைப் படகுக்காரன் பைகளை வேறு அங்கேதான் குவிப்பான். இந்த வாசலில் வெளிச்சம் இருந்தது, நிலைக்கல்லில் ஏதோ ஒரு பள்ளமும் இருந்தது. யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று அவள் கதையை இடம் மாற்றவில்லை. எங்களுக்கெல்லாம் சரியான வீடு எது என்று தெரியும். அவளுடன் நடந்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

நான்காவது கதவில் பள்ளம் கிடையாது. அதற்குப் பதில் ஐந்து அழைப்புமணிகள், நான்குக்குப் பெயர் உண்டு, ஒன்றுக்குக் கிடையாது. அது உம்பெர்த்தோ பொலாக்கோவின் மணி.

உம்பெர்த்தோவுக்கு எண்பத்தாறு வயது. நாற்பது வருஷம் படகுத்துறையில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது, பாசிசக் காவலர்கள் எங்கள் ஆட்களைப் பிடிக்க வந்த அந்த டிசம்பரில், அவருக்கு ஐந்து வயது. கட்டடத்தின் வாசற்காரி நோர்மா முந்தின நாளே சமையல் கத்தியால் அவர்கள் பெயர்ப்பலகையைத் திருகிக் கழற்றி, மாடிக் கதவு நிலையிலிருந்த குழலையும் பிடுங்கி, திருகு ஓட்டைகளில் சோப்பை வைத்து அடைத்துவிட்டாள். அவர்கள் வீட்டு ஜன்னலில் தன் வீட்டுத் துணிகளைக் காயப்போட்டாள். அம்மாவும் பையனும் அடுத்த நாள் ஒரு காய்கறிப் படகில் தரைப்பகுதிக்குப் போய்த் தப்பினார்கள். அப்பா தன் தாயைக் கூட்டிவரப் போன இடத்தில் பிடிபட்டார். போர் முடிந்து திரும்பிய பிறகு அம்மா மறுபடி பெயர்ப்பலகை மாட்டவே இல்லை. அம்மா போன பிறகு உம்பெர்த்தோவும் மாட்டவில்லை. தபால்காரர்கள் கைமாறிக் கைமாறித் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

இதை அவர் எல்டாவிடம் பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்னார். கூட்டத்துக்குச் சொல்லலாமா என்று அவள் கேட்டபோது, "சொல்லு. பேர் வேணாம், கதவு வேணாம்" என்றார். எட்டு வருஷம் அவள் அப்படியே சொன்னாள். அப்போது அந்தக் கதையை எங்கோ ஒரு பாலத்தின் மேல் நின்று சொல்லி முடித்துவிடுவாள்.

பிறகு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் மதியம். தூறல். பின்னால் ஒருவன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான், இரண்டு பெண்கள் கடை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்டாவுக்கு எரிச்சல் வந்தது. கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கரண்டியை நீட்டி, "அதோ அந்தக் கதவு. பேர் இல்லாத அந்த மணி. அந்தப் பையன் இப்பவும் மேலதான் இருக்கார்" என்றாள். சாண்ட்விச் தின்றவன் வாயை மூடினான். ஒரு பெண் அழுதாள். அப்படி ஓர் அமைதியை எல்டா தன் தொழிலில் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த நாளும் சொன்னாள், அதற்கடுத்த நாளும் சொன்னாள். தப்பு என்று தெரிந்தேதான் சொன்னாள். அந்த அமைதி அவளுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த வருஷம் அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, ரொட்டிக்காரர் வீட்டு நிலைக்கல்லில், பள்ளத்துக்கு நேர் கீழே, சிவப்பு மெழுகுப் பென்சிலால் '1' என்று எழுதியிருந்தது. தச்சர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிப் பென்சில். ஜெபக்கூடத்துக்குப் போகிற வழியில் எல்லோரும் பார்த்தோம். எரிவாயுக்காரர்கள் என்றார் ஒருவர், கம்பி இழுக்கிறவர்கள் என்றார் இன்னொருவர். சனிக்கிழமை எங்கள் ஓய்வுநாள், அன்று எழுதுவதும் வேலை, அழிப்பதும் வேலை. ஆகவே நட்சத்திரம் தெரியும்வரை அது அங்கேயே இருந்தது, பிறகு யாரோ துடைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மருத்துவச்சி வீட்டுக் கதவில் '2'. இந்த முறை ஒருவரும் எரிவாயு பற்றிப் பேசவில்லை. வெள்ளி பொழுது சாய்ந்த பின் எழுதினால் மறுநாள் பொழுது சாயும்வரை நாங்கள் தொடமாட்டோம் என்று எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று மட்டும் யாரோ சொன்னார்கள்.

மூன்றாவது சனிக்கிழமை எல்டா தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ருமானா கூப்பிட்டாள். ருமானா வங்காளதேசத்துப் பெண். புருஷன் ஓர் உணவகத்தில் சமையல். தையற்காரர் வீடு என்று எல்டா காட்டும் அந்த வெளிச்சமான வாசல் இப்போது இவர்களுடையது. கையில் வாளி, தோளில் துணி.

"சியோரா எல்டா, இங்க வாங்க. யாரு இது என் வாசல்ல கிறுக்கினது? உங்க பசங்களா?"

நிலைக்கல்லில் '3'.

"எங்க பசங்க இல்ல, ருமானா."

"அப்ப எங்க பசங்களா? என் பையன் எட்டு வரைக்கும் எண்ணுவான், ஆனா மூணை இவ்ளோ அழகா எழுத மாட்டான்." ருமானா சிரித்துவிட்டுத் துணியை நனைத்தாள். "என்ன சியோரா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? சாப்பிடாம வந்தீங்களா?"

எல்டா நிலைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். ருமானா தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு கல்லில் பரவிக்கொண்டு போனது.

இந்த வீட்டுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஏட்டைப் பார்த்து எழுதியவனாக இருந்தால் அடுத்த வீட்டில் எழுதியிருப்பான். ஊர்க்காரனாக இருந்தால் அடுத்த வீட்டில் எழுதியிருப்பான். இந்த வாசலை மூன்றாவது என்று சொல்கிற வாய் உலகத்திலேயே ஒன்றுதான். எழுதியவன் அவள் பின்னால் நடந்து, அவள் சொன்னதைக் கேட்டு, வரிசை மாறாமல் எழுதுகிறான். அடுத்த வெள்ளிக்கு நான்கு. நான்கு யாருடைய கதவு என்று அவளே தினம் கரண்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்று நட்சத்திரம் வந்த பிறகு காவலரிடம் போனாள். இளைஞர், மரியாதையாகவே உட்காரவைத்தார்.

"மூணாவது வீடு வங்காளதேசத்துக்காரங்களோடது, சியோரா. அப்ப இது உங்க ஆளுங்களைக் குறி வெச்சது இல்ல. எங்களுக்கும் அதான் ஆறுதல்."

"அதுதான் சார் என் பயமே. அந்த வீட்டை நான்தான் தப்பாச் சொன்னேன்."

"தப்பா?"

"பத்து வருஷமா."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டார். எல்டா நினைத்துப் பார்த்தாள். ஒரு மாதத்தில் நானூறு பேர் நடக்கிறார்கள். எல்லோரும் கதவுகளைப் படம் எடுக்கிறார்கள், எல்லோரும் பள்ளத்தில் விரலை வைக்கிறார்கள், எல்லோரும் முடிவில் கையைக் குலுக்கி நன்றி சொல்கிறார்கள். தப்பாக ஒருவரும் நடந்துகொண்டதில்லை. சந்தேகப்பட ஒரு முகம்கூட அவளுக்கு அகப்படவில்லை. சுவரில் பென்சிலால் எழுதியதற்கு ஒரு வீட்டு வாசலில் ஆள் நிறுத்த முடியாது, ஏதாவது நடந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று அவர் எழுந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் உம்பெர்த்தோ வீட்டுக்கு மூன்று மாடி ஏறினாள். அவர் மத்தி மீனை வெங்காயத்திலும் காடியிலும் ஊறப்போடுவதற்காக வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காரு மகளே. முழங்கால் எப்படி இருக்கு?"

"கூடவே வருது, சியோர் உம்பெர்த்தோ."

"என்னோடது ஒண்ணு முன்னாடி போயிடுது. இன்னொண்ணு யோசிச்சு வருது."

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"யாரு செத்தா?"

"யாரும் இல்ல."

"அப்ப மெதுவாச் சொல்லு. வெங்காயம் கருகிடும்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று எண்களைச் சொன்னாள், தையற்காரர் வீட்டைச் சொன்னாள், கடைசியில் அவர் மணியைச் சொன்னாள். அவர் அடுப்பை அணைத்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"தினமுமா?"

"ஓய்வுநாள் தவிர."

"ஓஹோ. ஓய்வுநாளை மதிச்சிருக்கே. நல்ல பொண்ணு."

அவர் ஜன்னல் பக்கம் போனார். வெளியே சிவப்பு ஜெரேனியத் தொட்டிகள் நான்கு இருந்தன.

"நானும் பாத்துட்டுதான் இருந்தேன். கீழ ஒரு கும்பல் வந்து நிக்கும், அண்ணாந்து பாக்கும். என் பூவைப் பாக்குறாங்கன்னு நெனச்சேன். அவங்களுக்காகவே தண்ணி ஊத்தினேன், காஞ்ச எலையெல்லாம் கிள்ளிப் போட்டேன். கிழவனுக்கு என்ன பெருமை பாரு."

"எந்த மாடின்னு நான் சொன்னதே இல்ல" என்றாள் எல்டா. "அஞ்சு மணி இருக்கு, அஞ்சு மாடி இருக்கு. மணி வரிசைக்கும் மாடி வரிசைக்கும் சம்பந்தம் கிடையாது. எது உங்க வீடுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"அஞ்சுல ஒரு பங்கு மானத்தை மிச்சம் வெச்சிருக்கே. அதுக்கு நான் நன்றி சொல்லணுமா?" அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நான் உன்கிட்ட சொன்னேன், எல்டா. உன் கரண்டிகிட்ட சொல்லல."

அவள் அழுதாள். மேஸ்த்ரேயில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய் இருங்கள் என்று கெஞ்சினாள்.

"இந்த வீட்டை விட்டு ஒரு தடவை போயிருக்கேன்" என்றார் உம்பெர்த்தோ. "போதும். நீ போ. நான் சாப்பிடணும்."

திங்கட்கிழமை எல்டா நடையை மூன்றாவது கதவோடு முடித்துக்கொண்டாள். எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கரண்டியைத் தாழ்த்தியபோது, லியோனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தாள்.

"இன்னொண்ணு இருக்கு இல்லையா? பேர் இல்லாத மணி? அதைப் பாக்கத்தான் நான் வந்தேன்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் கைபேசியைக் காட்டினாள். எல்டாவின் நடை பற்றி மனிதர்கள் எழுதிய பாராட்டுகள் அதில் பக்கம் பக்கமாக இருந்தன. எல்டா எல்லாவற்றையும் ஏற்கெனவே படித்துப் பூரித்தவள்தான். படங்களை மட்டும் அவள் சரியாகப் பார்த்ததில்லை. ஐந்து மணிகளின் படம். அதில் பெயரில்லாத மணியைச் சுற்றி யாரோ அன்போடு ஒரு வட்டம் போட்டிருந்தார்கள், அழுகிற முகமும் ஒரு சின்ன இதயமும் பக்கத்தில். அப்படி நாற்பது ஐம்பது படங்கள் இருந்தன. எல்டா வாயை மூடிக்கொண்டால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. கதவு அவள் கையை விட்டுப் போய் வெகுநாளாகிவிட்டது.

அன்று மதியம் மறுபடி மூன்று மாடி ஏறினாள். உம்பெர்த்தோ தொட்டிகளை உள்ளே எடுத்து வைத்திருந்தார், சமையலறைத் தரையெல்லாம் மண். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப ஒண்ணு செய். நான் செத்துட்டேன்னு சொல்லு."

"சியோர் உம்பெர்த்தோ, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது."

"நீ சொல்லக் கூடாததெல்லாம் சொல்லியாச்சு. இதையும் சொல்லு. செத்தவன் கதவுல எவன் எண் போடுவான்?"

அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

"எப்படிச் செத்தீங்கன்னு கேட்பாங்களே?"

அவர் யோசித்தார். எண்பத்தாறு வயதில் அந்த யோசனையில் ஓர் உற்சாகம் இருந்ததைப் பார்க்க எல்டாவுக்குப் பயமாக இருந்தது.

"நெஞ்சு வலி வேணாம், அது எல்லாருக்கும் வருது. படகுத்துறையில வழுக்கி விழுந்தேன்னு... வேணாம், நாப்பது வருஷம் அங்க நின்னவன் வழுக்கினா அசிங்கம். தூக்கத்துல போயிட்டேன்னு சொல்லு. பிப்ரவரில. மூடுபனி இருந்துச்சுன்னு சேத்துக்கோ, நம்புவாங்க."

பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை மரக்கதவுகளைச் சாத்திவிட்டு உள்ளேயே இருப்பது, இருமல் வந்தால் தலையணையில் இருமுவது, விளக்குப் போடாமலிருப்பது என்று அவரே ஒவ்வொன்றாக முடிவு செய்தார். வெள்ளிக்குள் சேதி போகவேண்டிய இடத்துக்குப் போய்விடும் என்று நம்பினார்.

செவ்வாய்க்கிழமை எல்டா அந்தக் கதவின் முன் நின்று, அந்தப் பையன் பிழைத்ததைச் சொல்லி, பிறகு, "போன பிப்ரவரியில தூக்கத்துலயே போயிட்டார். மேல இப்ப யாரும் இல்ல" என்றாள். குரல் தடுமாறியது. தடுமாறியது நல்லதாகப் போயிற்று. கூட்டம் தலை குனிந்தது. புதன்கிழமை மூடுபனியைச் சேர்த்தாள். வியாழக்கிழமை, லீடோ தீவில் எங்கள் இடுகாட்டில் ஒரு சைப்பிரஸ் மரத்தடியில் அடக்கம் செய்தோம் என்று சொன்னாள். சொல்லிவிட்டு எங்கே நிறுத்தினால் அமைதி கூடுகிறது என்று தன் வாய் தானாகவே தேடுவதைக் கவனித்தாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

தினமும் மதியம் மேலே போய் நடந்ததைச் சொன்னாள்.

"இன்னிக்கு எப்படிச் செத்தேன்?"

"நல்லாவே செத்தீங்க."

"அழுதாங்களா?"

"ரெண்டு பேர்."

"ரெண்டே ரெண்டு பேரா?" அவர் ஊறிய மத்தியை ஒரு தட்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். "சாப்பிடு. துக்க வீட்டுல சாப்பிடாமப் போகக் கூடாது."

அவர் தன்னை மன்னித்துவிட்டாரா என்று எல்டாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போதே வானம் ஈயம் பூசியதுபோல் இருந்தது. சாயங்காலம் கால்வாய் நீர் ஏறும் என்று சந்துகளில் மரப்பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இருபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். வயதான தம்பதிகள், மாணவிகள் சிலர், தனியாக வந்த ஆண்கள் நான்கைந்து பேர். எல்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாம் சாந்தமான முகங்கள். ருமானாவின் வாசலில் சிவப்புத் தடம் இன்னும் லேசாகத் தெரிந்தது. அது என்ன என்று ஒருவர் கேட்டார், எல்டா பெயிண்ட் என்றாள்.

நான்காவது கதவுக்கு வந்தபோது பன்னிரண்டு அடித்து முடித்திருந்தது. அந்தச் சந்து கிணறு மாதிரி. ஐந்து மாடி உயரத்தில் ஒருவர் தும்மினால் கீழே நிற்பவருக்குக் கேட்கும். எல்டா கரண்டியைத் தூக்கினாள். அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மேலே ஒரு வானொலி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி. சாத்திய மரக்கதவுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல் நீர்மட்ட அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக நீர் ஏறும் நாளில் கேட்கிற அறிக்கை, மணி பார்க்க மறந்திருப்பார்.

கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கப்போகிறார்கள்? ஐந்து மாடியில் ஏதோ ஒரு வீட்டில் வானொலி பாடினால் யாருக்கு என்ன? எல்டா அதை மறைக்க நினைத்துக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். நோர்மாவைச் சொன்னாள், கத்தியைச் சொன்னாள், சோப்பை வைத்து அடைத்த ஓட்டைகளைச் சொன்னாள். காய்கறிப் படகைச் சொன்னாள். மாணவிகளில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பையன் திரும்பி வந்து இதே வீட்டுல எண்பது வருஷம் இருந்தார். பேர் இல்லாத மணி அவரோடதுதான். போன பிப்ரவரியில தூக்கத்துல இறந்துட்டார்" என்றாள். "மேல இப்ப யாரும் இல்ல."

வானொலி நின்றது.

அறிக்கை படித்தவன் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தான், அதன் பாதியில் நின்றது. எல்டா பெரிய குரலில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. தான் செத்தவன் என்பது ஞாபகம் வந்து, ஒழுங்காகச் செத்தவனாக இருக்க வேண்டும் என்று ஓடிவந்து அணைத்திருக்கிறார். ஓடவிட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அது நின்ற அமைதி அந்தச் சந்தில் எல்லோர் காதிலும் விழுந்தது.

முதலில் ஒரு கிழவர் தலையைத் தூக்கினார். பிறகு அவர் மனைவி. பிறகு எல்லோரும் மூன்றாம் மாடியின் சாத்திய மரக்கதவைப் பார்த்தார்கள்.

"பக்கத்து வீட்டு வானொலி" என்றாள் எல்டா. "அடுத்த குடித்தனம்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு.

"உயிரோட இருக்கார் இல்லையா?" என்றாள் மெதுவாக. "கவலைப்படாதீங்க, நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

மேலே எந்தச் சத்தமும் இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் உம்பெர்த்தோ வானொலியில் கை வைத்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்டாவால் கண்ணால் பார்ப்பதுபோல் உணர முடிந்தது. வாருங்கள் போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து படம் எடுக்கும் சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. சடாரென்று திரும்பினாள்.

எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது. எல்லாக் கைபேசிகளும் மூன்றாம் மாடியை நோக்கி உயர்ந்திருந்தன. இருட்டுவதற்கு இன்னும் நான்கரை மணி நேரம் இருந்தது.